பேசியவர்கள் பட்டியல்

எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் உச்சியில் ஒரு குறள் இருக்கும். அதற்குக் கீழே இடது ஓரத்தில் தேதி, வலது ஓரத்தில் ‘பதிவு 42, வருகை 39’. இதெல்லாம் காலையில் பிரேயர் முடிந்து வந்ததும் எழுதுவது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வலது ஓரத்தில் இன்னொன்று முளைக்கும். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, அதற்கு ஸ்கேல் வைத்து ஓர் அடிக்கோடு, கீழே வரிசையாகப் பேர்கள். ஒரு தடவை பேசினால் பேர் மட்டும். மறுபடி வாயைத் திறந்தால் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2. அப்புறம் 3, 4 என்று விரலால் அழித்து அழித்து ஏற்றிக்கொண்டே போவார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அன்றைக்கு எச்.எம். கூப்பிட்டார் என்று போய்விட்டு இருபது நிமிடம் கழித்து வகுப்புக்குத் திரும்பினேன். வாசலில் கால் வைத்ததுமே பெஞ்சுகள் இழுபடும் சத்தம், அப்புறம் திடீர் அமைதி. லீடர் பெண் கையில் சாக்பீஸோடு விறைப்பாக நின்றாள். பட்டியலில் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தது. ஒருவனுக்கு மட்டும் இன்ட்டு 14. அவன் பேரை இங்கே எழுதப்போவதில்லை. கரும்பலகையில் எழுதியதே போதும். வருகைப் பதிவேட்டில் அவன் வரிசை எண் 17. பதினேழு என்றே வைத்துக்கொள்வோம். “பதினாலு தடவையா?” என்று கேட்டேன். “இன்னும் நெறைய டீச்சர், எழுதி முடியல” என்றாள் லீடர். வகுப்பு சிரித்தது. பதினேழும் சிரித்தான். அவன் பேசியதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே போய் நில் என்றேன். போனான். வராந்தாவில் நின்றபடி பக்கத்து வகுப்புப் பையன் ஒருவனோடு ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டான்.

இந்தப் பட்டியலின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என் பேர் அதில் அடிக்கடி இருக்கும். கணக்கு டீச்சர் வந்ததும் பட்டியலைப் படிப்பார், கையை நீட்டுவோம், மர ஸ்கேலால் புறங்கையில் விழும். ஏழாம் வகுப்பில் நானே லீடர் ஆனேன். சாக்பீஸ் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு நெல்லிக்காய்க்கு ஒரு பேர் அழிக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய நெல்லிக்காய் என்றால் இரண்டு பேர். என்னோடு சண்டை போட்டவள் வாயே திறக்காவிட்டாலும் இன்ட்டு 3. ஆசிரியர் ஆகிப் பதினாறு வருடம் கழித்தும், எல்லாம் தெரிந்தும், நானும் ஒரு பெண்ணின் கையில் அதே சாக்பீஸைக் கொடுத்துவிட்டுத்தான் எச்.எம். அறைக்குப் போயிருந்தேன். ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ‘அப்படித்தானே எல்லாரும் செய்கிறோம்’ என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருந்திருக்காது.

கண்ணை மட்டும் விட்டுருங்க

ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு வராத வாரம் கிடையாது. கம்பு போனது, பயம் போனது, பசங்க கெட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை உடலளவிலும் மனத்தளவிலும் துன்புறுத்தக்கூடாது என்கிறது. எங்களில் பலர் அந்தப் பிரிவில் பாதியைத்தான் படித்திருக்கிறோம். அடிக்கக்கூடாது என்பது மட்டும் மனதில் நின்றது. மீதிப் பாதி ஏதோ அலங்காரத்துக்குச் சேர்த்த சொல்போல ஆகிவிட்டது. அதனால் கம்பு இருந்த இடத்துக்கு வேறு சாமான்கள் வந்தன: நூறு தடவை எழுதிக்கொண்டு வா, வெளியே நில், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, உன் அக்கா எப்படிப் படித்தாள் தெரியுமா. கரும்பலகைப் பட்டியலும் அந்த வகைதான். அதை யாரும் தண்டனை என்று நினைப்பதுகூட இல்லை.

பெற்றோர் தரப்பும் லேசுப்பட்டதில்லை. ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும்போதே “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுருங்க டீச்சர், மத்ததெல்லாம் உங்க பாடு” என்று ஒருவராவது சொல்வார். அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, கேட்டால் நமக்கே மனம் இளகும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறது. அதை வருடத்துக்கு ஒரு தடவை, காய்ப்பு ஓய்ந்த பிறகுதான் வெட்டுகிறோம். தினம் மதியம் முதல் பீரியடில் யாரும் போய் ஒடிப்பதில்லை. இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். சீனியர் சார் ஒருவர் “நீங்க சயின்ஸ் டீச்சர், அப்படித்தான் பேசுவீங்க” என்று முடித்துவிட்டார்.

சரி, நானும் யோக்கியம் இல்லை. சட்டம் வந்த பிறகு கம்பைத் தொட்டதில்லை என்றாலும் ஒருமுறை ஒரு பையனின் நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அவன் அதைப் பொறுக்கி, ஒட்டி, மறுநாள் அதிலேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வந்தான். அந்த நோட்டின் ஒட்டுத்தாள் மஞ்சள் நிறம்.

நட்சத்திரம் வந்தது

இன்ட்டு 14 நடந்த சில நாளில் வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சி. பதினொரு மணிக்கு டீயும் சமோசாவும், நடுநடுவே திரையில் படங்கள். பிள்ளைகள் செய்யும் தப்பைத் துரத்தாதே, செய்யும் நல்லதைப் பிடித்துக் காட்டு என்பதுதான் சாரம். புதிதொன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு உறைத்தது. திரும்பும் வழியில் பேன்ஸி ஸ்டோரில் நட்சத்திர ஸ்டிக்கர் நாலு அட்டையும் ஒரு சார்ட் பேப்பரும் வாங்கினேன். மறுநாள் ‘பேசியவர்கள்’ இருந்த அதே மூலையில் ‘இன்றைய நட்சத்திரங்கள்’ என்று எழுதினேன். நல்லது செய்தவர்களின் பேரை லீடர் குறிப்பாள், மாலையில் நான் சார்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதே மூலை, அதே லீடர், அதே சாக்பீஸ். அது அப்போது என் கண்ணில் படவில்லை.

முதல் வாரம் சொர்க்கம். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது, பெஞ்சுகள் நூல் பிடித்ததுபோல் நின்றன, டஸ்டரைத் தட்டிக் கொண்டுவர ஆறு பேர் ஓடினார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் கொஞ்சம் அலட்டினேன் என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு மாணவி தன் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கசக்கி, கீழே போட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டதைப் பார்த்தேன். போட்டுவிட்டு லீடரைப் பார்த்தாள். லீடர் எழுதினாள். அப்புறம் கவனித்தால் சார்ட்டில் பன்னிரண்டு பேருக்குத்தான் நட்சத்திரம் குவிந்திருந்தது. அவர்கள் ஸ்டிக்கர் வருவதற்கு முன்பும் ஒழுங்காக இருந்தவர்கள். மீதி முப்பது பேருக்கு அந்த மூலையில் வேலையே இல்லை. நெல்லிக்காய் வியாபாரமும் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இப்போது நெல்லிக்காய் இல்லை, பத்து ரூபாய்க் குர்குரே.

பி.எட். உளவியல் பாடம் ஒரு மிருகக்காட்சிசாலை என்று அப்போது கேலி செய்வோம். பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோலரின் சிம்பன்ஸி. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தாயிற்று. அந்த வரிசையில் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு மட்டும் இந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மார்க் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் 1973-இல் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளி. ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதென்றால் உயிரை விடும் குழந்தைகளாகப் பார்த்து மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம் ‘வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, முதல் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். நான் வாங்கி வந்ததும் தங்க நட்சத்திரம்தான். பேன்ஸி ஸ்டோரில் வேறு நிறம் இல்லை.

பரிசே கூடாது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 1969-இல் அமெரிக்காவின் கன்சாஸில் நாலாம் வகுப்பு ஒன்றை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். யாராவது இடத்தை விட்டு எழுந்தாலோ நடுவில் பேசினாலோ கரும்பலகையில் அந்த அணிக்கு ஒரு கோடு விழும். குறைந்த கோடு வாங்கிய அணிக்குச் சின்னச் சலுகை. இரண்டு அணியுமே ஒரு எண்ணிக்கைக்குள் இருந்தால் இரண்டும் ஜெயித்ததாகக் கணக்கு. வகுப்பு அடங்கியது, இன்றுவரை பல நாடுகளில் அதை நடத்துகிறார்கள். இதிலும் கரும்பலகைதான், இதிலும் சாக்பீஸ்தான். ஆனால் பலகையில் ஒரு பிள்ளையின் பேர்கூட ஏறவில்லை. கோடு போட்டது ஆசிரியர். எல்லாருக்கும் ஜெயிக்க வழி இருந்தது. எங்கள் அரசுப் பள்ளிகளில் இப்போது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்து ‘மகிழ் முற்றம்’ நடக்கிறது. குழுவுக்குத்தான் மதிப்பெண் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. நடத்துகிறவர் கையில்தான் எல்லாம், அது வேறு விஷயம்.

“அதுல எம் பேரு வேணாம்”

ஐந்தாவது வாரம் ஒரு நாள். மதியம் முதல் பீரியட், ‘விசையும் அழுத்தமும்’ நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஏதோ குறைகிறதே என்று பார்த்தால், பதினேழின் சத்தம். கடைசிக்கு முந்தின பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் திறந்து, கரும்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழுசாக நாற்பது நிமிடம். விடுவேனா? பீரியட் முடிந்ததும் நானே சாக்பீஸை வாங்கி நட்சத்திரங்களில் முதலாவதாக அவன் பேரைப் பெரிதாக எழுதி, “பாத்தீங்களா, நெனச்சா அவனாலயும் முடியும்” என்றேன். கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவன் விசிலும் அடித்தான். பதினேழு சிரிக்கவில்லை. இன்ட்டு 14-க்குச் சிரித்தவன்.

மறுநாள் காலை பலகையில் மற்ற பேர்களெல்லாம் அப்படியே இருந்தன, அவன் பேர் மட்டும் இல்லை. டஸ்டரால் துடைக்கவில்லை, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்த ஈரக் கறை காய்ந்து வெளுத்திருந்தது. மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு வெளியே போனேன்.

“டீச்சர், அதுல எம் பேரு வேணாம்.”

“ஏன்டா? நல்லதுக்குத்தானே எழுதினேன்.”

“இன்னைக்கு எழுதுனா நாளைக்கு ஏன் இல்லைன்னு கேப்பீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அதுவுமில்லாம நேத்து நான் கவனிக்கல டீச்சர். தூங்கிட்டேன்.”

“கண்ணு தொறந்துதானே இருந்துச்சு?”

“அப்படியே தூங்குவேன் டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் கேட்டேன், ராத்திரி என்ன செய்தாய், செல்போனா என்று. இல்லையாம். எங்களுடையது நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகை பூமி. மொட்டு விரிவதற்குள் எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்கு அரை ஏக்கர் பூந்தோட்டம். ஆள் கூலி கட்டுப்படியாகாத அளவு. அப்பா, அம்மா, பாட்டி, இவன். மூன்றரை மணிக்கு எழுந்து, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஏழரைக்குத் திரும்பி, குளித்து, பள்ளிக்கூடம். அரசு தரும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, இவன் எட்டு. காலை பீரியட்கள் எப்படியோ ஓடிவிடும். மதியம் சத்துணவுச் சோறும் முட்டையும் உள்ளே போனதும் கண் சொக்கும்.

“அதான் டீச்சர் பேசுறது. பேசலேன்னா தூங்கிருவேன்.”

இதை அவன் சொன்னது புகாராக இல்லை, காரணம் சொல்லித் தப்பிக்கவும் இல்லை. சைக்கிள் பஞ்சர் எப்படி ஒட்டுவது என்று கேட்டால் சொல்வானே, அந்தக் குரல். என்னிடம் சொல்வதற்கு அவனுக்கு ஒரு வருடமாக வாய்ப்பு இருந்தது, நான்தான் கேட்கவில்லை. இன்ட்டு 14 என்பது பதினாலு தடவை தூங்காமல் இருக்க அவன் பட்ட பாடு. அதற்காக அவனை வெளியே அனுப்பினேன். ஒருநாள் தோற்றுப்போய்த் தூங்கினான், அதற்குக் கைதட்டல். அந்த மூலையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதினாலும் ‘நட்சத்திரங்கள்’ என்று எழுதினாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பது அப்போதுதான் விளங்கியது. பேசினானா இல்லையா என்பதை எழுத லீடர் போதும். எதற்குப் பேசுகிறான் என்று பார்க்க வேண்டியவள் எச்.எம். அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் அப்பாவைப் பார்த்தேன். அதட்ட இல்லை. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று சட்டமே சொல்கிறது, மூன்றரை மணியை அது எந்தக் கணக்கில் வைத்திருக்கிறதோ தெரியாது. அவர் கைகூப்பிக்கொண்டே நின்றார். “வெல இருக்கும்போது எடுத்தாத்தானே டீச்சர். முகூர்த்தம் முடிஞ்சதும் விட்டுர்றேன்” என்றார். வாரத்தில் இரண்டு நாள் அவனை விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டார். ஒரு நாள்தான் விட்டார் என்று நினைக்கிறேன்.

புளியங்கொட்டை

அந்த வாரமே மூலையைத் துடைத்துவிட்டேன். சார்ட்டையும் கழற்றினேன். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று, லீடர் பெண்ணின் அழுகை. “நான் என்ன டீச்சர் தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள். தப்பே செய்யவில்லை என்று சொன்னால் நம்பவில்லை. சாக்பீஸ் போனதும் தன் மதிப்பு போய்விட்டதாக அவளுக்கு. அப்புறம் இரண்டு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் சும்மா அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் படிக்கட்டில் தனியாகச் சாப்பிட்டாள். ஒன்றரை வருடமாக வகுப்பையே காட்டிக்கொடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ‘பொறுப்பான பெண்’ என்று ரேங்க் கார்டிலும் எழுதியிருக்கிறேன். பதினேழோ ஜாலியாக இருந்தான். உண்மையில் அந்தப் பட்டியல் அதிகம் கெடுத்தது எழுதப்பட்டவனையா, எழுதினவளையா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவளை ஆய்வகச் சாமான்களுக்குப் பொறுப்பாக்கினேன், கூட இரண்டு பேரோடு. படிக்கட்டிலிருந்து வேப்பமரத்துக்கு அவள் வந்து சேர அரைப்பரீட்சை ஆகிவிட்டது.

என்னைப் பற்றியும் ஒரு கணக்கு எடுத்தேன். 1968-இல் அமெரிக்காவில் மேட்ஸன் என்பவரும் கூட்டாளிகளும் ஒன்றாம் வகுப்பு ஒன்றில் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘உட்கார், உட்கார்’ என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் பிள்ளைகள் கூடினார்கள். உட்கார்ந்திருப்பவர்களைப் பாராட்டியபோது நிற்பவர்கள் குறைந்தார்கள். இந்தக் கதை என் வகுப்பில் எப்படி என்று பார்க்க ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போட்டு மேசை டிராயரில் வைத்தேன். ஒவ்வொரு தடவை ‘ஏய்’, ‘பேசாதே’, ‘திரும்பு’ என்று சொல்லும்போதும் ஒரு கொட்டையை இடது மூலைக்குத் தள்ள வேண்டும். யாரையாவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வலது மூலைக்கு. முதல் நாள் பீரியட் முடிவில் இடது பக்கம் 23. வலது பக்கம் 2, அந்த இரண்டும் ஒரே பெண்ணுக்கு. நாற்பது நிமிடத்தில் 23 தடவை நான் பாடத்தை நிறுத்தியிருக்கிறேன். பதினேழு பேசியது 14 தடவைதான்.

அப்புறம் செய்ததெல்லாம் சொன்னால் சப்பென்று இருக்கும். பி.டி. பீரியட் முடிந்து வகுப்புக்குள் எப்படி வருவது என்பதை, ஒரு பாடம்போல, நாலு நாள் நடத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வா, பையை பெஞ்சுக்கு அடியில் வை, நோட்டில் தேதி எழுது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு திட்டுவதைவிட, தெரியாது என்று நினைத்துச் சொல்லித்தருவது எளிது. பாராட்டைப் பலகையிலிருந்து எடுத்து, நோட்டுத் திருத்தும்போது காதோரம் சொல்வதாக மாற்றினேன். ‘குட்’ என்றால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றும் ஏறாது. ‘நேத்து அவனுக்குப் படம் வரைய இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தியே, பார்த்தேன்’ என்றால் காது சிவக்கும். பதின்மூன்று வயதில் வகுப்பு முன்னால் டீச்சரிடம் நல்லபேர் வாங்குவது என்பது கிட்டத்தட்ட அவமானம். அதை விசிலடித்தவன் எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டான், நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

பதினேழுக்கு மதியம் முதல் பீரியடில் பின் சுவரோரம் நிற்க அனுமதி. தண்டனை இல்லை என்று வகுப்புக்கே சொல்லிவிட்டேன்: தூக்கம் வந்தால் யார் வேண்டுமானாலும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம், கண்ணாடிச் சட்டமில்லாத ஜன்னல் திட்டில் வைத்து எழுதலாம். முதல் நாள் பதினோரு பேர் எழுந்து போனார்கள், வேடிக்கைக்கு. ஒரு வாரத்தில் நாலு பேர் ஆனது. அந்த நாலு பேரில் மூன்று பேர் பூந்தோட்டக்காரப் பிள்ளைகள். நாலாவது ஒரு பெண்; அவள் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது, அதை இங்கே எழுத முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் புளியங்கொட்டையோடு வகுப்புக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஒரு பையன் பொங்கலுக்கு அப்புறம் வரவே இல்லை, எந்தப் பாராட்டும் அவனை எட்டவில்லை. சாதியைக் காட்ட மணிக்கட்டில் என்ன நிறத்தில் கயிறு கட்டுவது என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப் படித்த மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள்; அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பிரச்சினைக்கு முன்னால் என் டப்பாவை நீட்டினால் அது கிண்டலாகிவிடும். நானும் எல்லா நாளும் நல்லவளாக இல்லை. மார்ச் மாதம் போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் இடது பக்கம் மறுபடி 19 வந்தது. எண்ணினேன் என்பதுதான் ஆறுதல்.

இந்த ஜூனில் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். வேறு கட்டடம், வேறு ஆசிரியர்கள். போன வாரம் மதியம் சாவி வாங்க அந்தப் பக்கம் போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் யாரும் இல்லை. கரும்பலகை மூலையில் ‘பேசியவர்கள்’, அடிக்கோட்டோடு. புது லீடர், ஒரு பையன், சாக்பீஸோடு நிற்கிறான். பதினேழின் பேர் மேலேயே இருந்தது, இன்ட்டு 6. அவன் இடத்தில் அவன் இல்லை. தேடினேன். பின் சுவரில் சாய்ந்து, ஜன்னல் திட்டில் நோட்டை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் ஏதோ மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். லீடர் என்னைப் பார்த்தான், சாக்பீஸைப் பார்த்தான், 6-ஐ 7 ஆக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.